கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும் பொறிமொழி வழக்கும்

மக்கள் பேசும் மொழிகளை இன்னார் இன்ன நாளில் இயற்றினார் என்று காட்டுதல் இயலாது. ஆறு தன் போக்கிலே கரையை அமைத்துக்கொள்ளுமாறு போல, அவை காலப்போக்கில் தாமே உருப்பெற்றன. இலக்கண நூலார் பின்னர்த் தோன்றி, வழங்கும் முறையைக் கண்டு விதி வகுத்தனர். கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழிகளோ இதற்கு நேர்மாறானவை. அவற்றில் இலக்கணமே முற்படப் பிறக்கின்றது. அவ்விலக்கணம் முடிந்த பின்னரே முதல் வாக்கியம் எழுதப்படுகின்றது. ஒரு வினைச்சொல்லைக் கொள்வதோ தள்ளுவதோ, கூட்டற்குறியை இடுவதோ கூட்டுக என்று எழுதுவதோ, முற்றுப்புள்ளி எவ்விடத்து வருவதோ ஆகிய யாவும் மேசையைச் சுற்றியிருந்த சிலர் நாட்கணக்காய் வாதாடி முடிவு செய்தனவே.

அவ்வாறு வாதாடினோருள் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் தலையாயவர். கணித நூலிலும் பொறியியலிலும் அவர் பெயர் வழங்குவது யாவரும் அறிந்ததே. எனினும் அவர் வாழ்நாளெல்லாம் போராடியது சொல்லைப் பற்றியே ஆதலின், தமிழ் பயிலும் எம்போன்றார்க்கும் அவர் வரலாறு புறம்பானதன்று என்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க்கு நகரிலே பிறந்தார். தந்தையார் வால்டர் மரே காப்பீட்டுத் தொழில் செய்தவர். தாயார் மேரி கணிதத்தில் விருப்பமுடையவர். முன்னோருள் கடற்படைத் தலைவர் ஒருவர் இருந்தனர். ஏழாண்டுச் சிறுமியாயிருந்தபோது, எழுப்புமணிக் கடிகாரம் எங்ஙனம் இயங்குகின்றதென அறியும் அவாவினால், வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிரித்துப்போட்டனர் என்பது பலரும் கூறும் செய்தி. அன்னையார் கடிந்துகொண்டும், ஒரு கடிகாரத்தை மட்டும் அவர் கையில் விட்டுவைத்தனராம். தந்தையார் நோயினால் இரு கால்களையும் இழந்தவர். தம் புதல்வியர் தமது உழைப்பினாலேயே வாழ வல்லுநராதல் வேண்டுமென்று அவர் விரும்பினமையால், பெண்கல்விக்கு அக்குடும்பத்திலே தடை எழவில்லை.

வாசர் கல்லூரியிற் சேர முதன்முறை முயன்றபோது இலத்தீன் பாடத்திலே மதிப்பெண் குறைந்து திருப்பியனுப்பப்பெற்றார். சொல்லையே தம் படைக்கலமாய்க் கொள்ளவிருந்தவர் சொல்லாலேயே முதலில் தடுக்கப்பெற்றது வியப்பே. மறுஆண்டு இடம் பெற்று, 1928-இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்திலே 1930-இல் முதுகலைப் பட்டமும், 1934-இல் டாக்டர் பட்டமும் அடைந்தார். 1930-இலேயே வின்சென்ட் ஹாப்பர் என்னும் ஆசிரியரை மணந்தார். 1945-இல் அம்மணம் முறிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. வாசர் கல்லூரியிலே 1931 முதல் கணிதம் கற்பித்துவந்தார்.

இரண்டாம் உலகப்போர் அவர் வாழ்வைத் திருப்பிற்று. 1943 டிசம்பரிலே கல்லூரியினின்றும் விடுப்புப் பெற்றுக் கடற்படையின் பெண்கள் பிரிவிலே சேர்ந்தார். வயதோ முப்பத்தேழு; உடல் எடையோ விதித்த அளவிற்கு 15 பவுண்டு குறைவு. இரண்டிற்கும் விலக்குப் பெற்றே உள்ளே புகுந்தார். பயிற்சியிலே முதலிடம் பெற்றுத் தேறி, 1944 ஜூலையிலே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு எய்க்கன் என்பாரின் கீழ்ப் பணியாற்ற அனுப்பப்பெற்றார். ஆங்கே நின்றது மார்க்-1 என்னும் கணிப்பொறி. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. துளையிட்ட காகிதச் சுருளிலிருந்து கட்டளைகளைப் பெற்று, ஒரு நொடியில் மூன்று கூட்டல் செய்யும். இன்றைய சட்டைப்பைக் கருவிகளை நோக்க இது நத்தை நடையே. ஆயினும் அந்நாளில் அது பெருவிந்தை. அதனை இயக்கும் முறையை விளக்கி 500 பக்கங்கட்கு மேற்பட்ட நூலொன்றை அம்மையார் எழுதினார். அது 1946-இல் வெளிவந்தது.

அப்பொறியிலே நடந்த கணக்குகளுள் ஒன்று 1944-இல் ஜான் வான் நாய்மன் கொணர்ந்தது. உள்நோக்கி வெடிக்கும் ஒரு கோளத்தைப் பற்றியது அது. எதன்பொருட்டென்று பொறியை இயக்கியவர்க்குச் சொல்லப்படவில்லை. அவ்வகைக் குண்டே 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகி நகரின்மீது வீழ்ந்தது. தாம் எழுதும் கட்டளை எதற்கென்றறியாமலே எழுதவேண்டிய நிலை எத்துணைக் கொடிது என்பதை இங்கே நினையாமற் செல்லல் எமக்கு ஒண்ணாது.

இனி, அம்மையாரைப் பற்றி எங்கும் வழங்கும் பூச்சிக் கதையையும் ஒருவாறு திருத்திவிடல் நன்று. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மார்க்-2 பொறியிலே ஓர் அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்றது. அதனை எடுத்து நாட்குறிப்பிலே ஒட்டிவைத்தனர். அந்த ஏடு இன்றும் அமெரிக்க அரும்பொருட் காட்சியகத்திலே உளது. பொறியின் பிழைக்குப் பூச்சி என்னும் பெயர் அன்றுதான் அம்மையாரால் இடப்பட்டதென்பர். அஃது அன்று. அச்சொல் எடிசன் காலத்திலேயே பொறியாளரிடை வழங்கியது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் அம்மையார் அல்லர். அக்கதையைச் சுவைபடப் பல்லாண்டு சொல்லி உலகறியச் செய்தவரே அவர்.

1949-இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நிறுவிய கணிப்பொறிக் குழுமத்திலே அம்மையார் சேர்ந்தார். மறுஆண்டு அதனை ரெமிங்டன் ராண்டு என்னும் பெரிய குழுமம் விலைக்கு வாங்கிற்று. இங்கேதான் மொழிவழக்கு தொடங்குகின்றது.

பொறி செய்யவேண்டியவற்றை நிரல்பட எழுதும் கட்டளைத்தொடரை நிரல் என்பர். அந்நாளிலே நிரலை எழுதுவோர் பொறிக்கேற்ற எண்களாலேயே எழுதினர். அவர்தம் பொறியொன்றிலே 0 முதல் 7 வரையுள்ள எட்டு எண்களே ஆட்சியிலிருந்தன. எட்டு என்பதை 10 என்று எழுதவேண்டும். அம்மையார் இம்முறையிலே தோய்ந்து, தம் வங்கிக் கணக்கு மூன்று திங்களாய் ஒத்துவாராது தவித்தனர். வங்கித் தொழிலராகிய தம்பியார் சில மாலைகள் இருந்து ஆராய்ந்து, தமக்கையார் இடையிடையே எட்டெண் முறையிற் கழித்திருக்கின்றார் என்று கண்டுபிடித்தனர். இக்கதையை அம்மையாரே சொல்லி நகைப்பதுண்டு. ஆயினும், அறிவிற் சிறந்த ஒருவரது உள்ளமே பொறியின் கணக்கிற்கு வளைந்துபோனமை நகைத்துவிடத் தக்கதன்று. மனிதர் பொறியின் மொழியைக் கற்கவேண்டுமோ, பொறி மனிதர் மொழிக்கு இயையவேண்டுமோ என்ற வினா அவர் நெஞ்சிலே வேரூன்றியது.

பிறிதொரு தொல்லையும் உண்டு. முன்னே எழுதிச் செம்மை கண்ட சிறு நிரல்களைக் குறிப்பேட்டிலிருந்து பார்த்தெழுதிப் புதிய நிரலிலே சேர்ப்பது வழக்கம். எழுதுங்கால் 4 என்பது முக்கோணக்குறியாகும். பி என்னும் ஆங்கில எழுத்து 13 ஆகும். நம் ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைப் பதிப்பாசிரியர்கள் முன்னுரைகளிலே புலம்பியிருத்தலைக் கண்ட எமக்கு இஃது அயலான துன்பமாகத் தோன்றவில்லை. படியெடுக்கும் வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன என்று அம்மையார் எண்ணினார். சிறு நிரல்களுக்கு எண்ணிட்டு நாடாவிலே பதித்து, வேண்டிய எண்ணைக் கூறின் பொறியே அவற்றைத் தேடியெடுத்துக் கோத்துத் தரும்படி 1951, 1952 ஆண்டுகளிலே ஒரு நிரலை இயற்றினார். தொகுத்துத் தருவதால் அது தொகுப்பி எனப்பட்டது. ஏ-0 என்பது அதன் பெயர். 1952 மே திங்களிலே பிட்ஸ்பர்க்கு நகரில் நிகழ்ந்த அறிஞர் கூட்டத்திலே கணிப்பொறிக்குக் கல்வி புகட்டல் பற்றிக் கட்டுரை படித்தார். கேட்டோர் பலர் நம்பவில்லை. பொறி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது என்பதே அவர்தம் துணிபு. ஓடுகின்ற தொகுப்பி கண்முன் இருந்தும் அதனைத் தொடுவாரில்லை.

இதன் பின்னர் அம்மையார் இன்னும் ஒரு படி மேலேறினார். கணக்காயர், பண்டசாலைக் கண்காணிப்பாளர், கூலிப்பட்டி எழுதுவோர் முதலியோர் குறியீடுகளை விரும்பார். அவர்கள் சொற்களாற் சிந்திப்பவர். எனவே கணித அறிஞர்க்குக் குறியீட்டு மொழி ஒன்றும், வணிகக் கணக்கினர்க்கு ஆங்கிலச் சொற்களாலாகிய மொழி ஒன்றும் வேண்டும் என்று 1953-ஆம் ஆண்டிலே தம் மேலாளரிடம் கூறினார். கணிப்பொறி ஆங்கிலம் அறியாது என்பது அவர்க்குக் கிடைத்த விடை.

அம்மையார் அயர்ந்திலர். 1955-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, ஒரு சிறு நிரலை ஆங்கிலச் சொற்களால் எழுதிப் பொறியில் இயக்கிக் காட்டினார். பின்னர் அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும், மூன்றாவதாக ஜெர்மன் சொற்களாலும் எழுதி இயக்கினார். பொறிக்கு எல்லாச் சொல்லும் வெறும் குறிகளின் அடுக்கே. எம்மொழிச் சொல்லாயினும் அதற்கு ஒன்றே என்பதனை விளக்கவே அங்ஙனம் செய்தார். விளைவோ மாறாயிற்று. பிலடெல்பியாவிலே அமெரிக்கர் செய்த பொறி பிரெஞ்சையும் ஜெர்மனையும் எங்ஙனம் அறியும் என்று மேலாளர் திகைத்தனர். ஆங்கிலம் ஒன்றிலேயே செய்வோம் என்று உறுதி கூறிய பின்னரே வேலை நடந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் திறந்திருந்த ஒரு கதவு இங்ஙனம் சாத்தப்பட்டது என்றே யாம் எண்ணுகின்றோம். தமிழ்ச்சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்னும் மொழி நம் காலத்தில் இயற்றப்பட்டிருப்பினும், உலகின் பெருவழக்கான நிரல்மொழிகள் அனைத்தும் ஆங்கிலச் சொற்களையே ஆள்கின்றன.

அம்மையாரும் அவர் குழுவினரும் இயற்றிய மொழி புளோமாட்டிக் என்னும் பெயரால் 1958-ஆம் ஆண்டளவிற் பொதுவாட்சிக்கு வந்தது. இதற்குள் ஐ.பி.எம். குழுமத்து ஜான் பாக்கசும் துணைவரும் 1957-இல் போர்ட்ரான் என்னும் மொழியை வெளியிட்டனர். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை நோக்கத் தக்கது. போர்ட்ரான் கணித சூத்திரங்களைப் போலவே எழுதப்படுவது. அதிலே ஒரு பொருளுக்கு இடும் பெயர் ஆறெழுத்தின் மிகுதல் கூடாது. புளோமாட்டிக் வினைச்சொல்லை முன்னிறுத்தி முழுப்பெயர்களால் எழுதப்படுவது. மேலும், பண்டங்களின் பட்டியல் எவ்வாறமைந்தது என்பதை ஓரிடத்தும், அப்பட்டியலைக் கொண்டு செய்யவேண்டியது யாது என்பதை வேறோரிடத்தும் எழுதும் முறை அதன்கண் இருந்தது. இது சிறிதெனத் தோன்றினும் பெரிது; பிற்காலத்தார் பலரும் கைக்கொண்ட முறை இது.

ஒவ்வொரு குழுமமும் தத்தம் பொறிக்குத் தனித்தனி மொழி வகுக்கத் தொடங்கவே, சினேயார் சமவெளியிலே கோபுரம் கட்டினோர் நிலை வந்தெய்தியது. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றிற்கு ஆகாது. பொறியை மாற்றினால் எல்லாவற்றையும் மீண்டும் எழுதவேண்டும். பரோசு குழுமத்து மேரி ஹாவிஸ் அம்மையார் பொதுமொழி ஒன்று வேண்டும் என்று எடுத்துரைக்க, 1959 ஏப்ரல் 8-ஆம் நாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலே ஒரு சிறு கூட்டமும், மே 28, 29 ஆம் நாட்களிலே பென்டகன் என்னும் படைத்துறை மாளிகையிலே ஏறத்தாழ நாற்பதின்மர் கூடிய பெருங்கூட்டமும் நிகழ்ந்தன. படைத்துறையினராகிய சார்லசு பிலிப்சு தலைமை தாங்கினார். மொழியை வகுக்க ஒரு குழு ஏற்பட்டது; அம்மையார் அக்குழுவில் அமராது, மேற்பார்வைக் குழுவின் அறிவுரையாளருள் ஒருவராயினார். சில திங்களுக்குள் இடைக்கால ஏற்பாடாக ஒரு மொழியைத் தருக என்பதே அக்குழுவிற்கு இட்ட பணி. இடைக்காலத்திற்கென்று கட்டிய குடிசை அறுபது ஆண்டு கடந்தும் நிற்கின்றது.

குழுவினர் முன்னே புளோமாட்டிக்கும், ஐ.பி.எம்.மின் காம்டிரானும், விமானப்படையினரின் மொழி ஒன்றும் இருந்தன. காம்டிரான் அந்நாளிலே ஏட்டளவாயிருந்தது. புளோமாட்டிக்கோ பொறிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆதலால் அம்மையாரின் மொழியே புதியதற்கு முதுகெலும்பாயிற்று.

வாதங்களுள் கடுமையானது சூத்திரத்தைப் பற்றியது. ஒரு சாரார் கூறியது இது: கணக்கெழுதுவோர் குறியீடு கண்டு அஞ்சுவர்; ஆகவே கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கனையும் ஆட், ஸப்டிராக்ட், மல்டிப்ளை, டிவைட் என்னும் வினைச்சொற்களாலேயே எழுதச் செய்யவேண்டும். மறுசாரார் மறுத்தது இது: பள்ளிச் சிறுவரும் அறிந்த கூட்டற்குறியை அறியாரென்று பெரியோரை இழித்தல் தகாது; ஒரு வரியிலே முடியும் கணக்கை நான்கு வாக்கியமாக நீட்டல் வீண். இரு கட்சியாரும் தத்தமக்கு நியாயமுடையோரே. முடிவில் வினைச்சொற்களும் நின்றன. கம்ப்யூட் என்னும் சொல்லை முன்னிட்டுச் சூத்திரம் எழுதும் முறையும் புகுத்தப்பெற்றது. ஒன்றைச் சொல்ல இரு வழியுடைய மொழி இங்ஙனம் பிறந்தது.

பெயர்களின் நீளம் பற்றி முப்பது எழுத்து வரை இடலாம் என்றாயிற்று. பொருளுக்கு வேண்டாமலே, படிப்பவர்க்கு வாக்கியம் இனிதாதற்பொருட்டு மட்டும் இடத்தக்க சில இடைச்சொற்களும் ஏற்கப்பட்டன. எழுதினும் எழுதாதுவிடினும் பொறிக்கு ஒன்றே. நம் இலக்கணத்து அசைநிலையை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். எல்லா நிரலும் நான்கு பிரிவுடையதாதல் வேண்டும் என்பதும் விதியாயிற்று: நிரலின் பெயர் முதலியன, ஓடும் பொறியின் இயல்பு, கணக்குப் பொருள்களின் அமைப்பு, செய்முறை என்பன அவை.

1959 அக்டோபரிலே ஹனிவெல் குழுமத்தாரின் பாக்ட் என்னும் மொழி சிறந்ததென்று வேறொரு குழு தீர்மானம் நிறைவேற்ற, செய்துவந்த வேலை முழுதும் வீணாகுமோ என்ற ஐயம் எழுந்தது. ஆர்.சி.ஏ. குழுமத்து ஹோவர்டு பிராம்பர்கு என்பார் வெறுப்புற்று, ஆட்டுக்குட்டி உருவம் செதுக்கிய கல்லறைக் கல் ஒன்றை வாங்கி, புதுமொழியின் பெயரை அதிலே பொறித்து, பிலிப்சுக்கு அனுப்பிவைத்தார். பிறவாக் குழந்தைக்குக் கல்லறை எடுத்த விந்தை அது. குழந்தையோ இறக்கவில்லை. அறுவர் அடங்கிய சிறு குழு நவம்பரிலே அமர்ந்து மொழியின் இலக்கணத்தை எழுதி முடித்தது. 1960 ஜனவரியில் ஏற்கப்பெற்று அரசாங்க அச்சகத்தில் வெளிவந்தது. பெயர் கோபோல். தமிழிலே எழுதினால் நம் நண்பர் கோபாலரோ என்று மயங்க இடமுண்டு. வணிகத்திற்குரிய பொதுமொழி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆகியது அது.

அவ்வாண்டு டிசம்பர் 6, 7 ஆம் நாட்களிலே ஆர்.சி.ஏ. பொறியிலும் ரெமிங்டன் ராண்டின் யூனிவாக் பொறியிலும் ஒரே கோபோல் நிரல் ஏறத்தாழ மாற்றமின்றி ஓடிக் காட்டியது. கோபோல் தொகுப்பி இல்லாத பொறிகளை வாங்குவதில்லை என்று படைத்துறை கொண்ட கொள்கை, பொறி செய்வோர் அனைவரையும் வழிக்குக் கொணர்ந்தது.

அம்மையாரைக் கோபோலின் தாய் என்று புகழ்தல் உலக வழக்கம். வகுத்த குழுவிலிருந்த ஜீன் சாமெட் அம்மையார் இதனை மறுத்துள்ளார். அம்மறுப்பு நேர்மையானதே. மொழியின் விதிகளை எழுதியவர் பிறர்; அம்மையார் எழுதியதில்லை. எனினும் அவர் பத்தாண்டு முன்னே உழுது வைத்த நிலத்திலேயே அவர்கள் விதைத்தனர். பாட்டி எனின் பொருந்தும் போலும். அவ்வாறு அழைப்பாரும் உளர்.

இனி, அவர் கட்சி வென்றதா என்று நோக்குவோம். நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருக்கத்தையும் விளக்கத்தையும் நன்னூலார் ஒருங்கே வைத்தனர். மிகைபடக் கூறலைக் குற்றத்துள் வைத்தனர். அறிவியலார் கோபோலின்மீது சாற்றிய குற்றமும் மிகைபடக் கூறலே. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் பேரறிஞர் 1975-இல், அதனைக் கற்பித்தல் மாணவர் அறிவை ஊனப்படுத்துவதாகும் என்ற கருத்துப்படக் கடிந்தெழுதினார். அவர் சினத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆல்டர் என்றொரு வினைச்சொல் அதிலிருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டளை செல்லவேண்டிய இடத்தை அது மாற்றிவிடும். ஏட்டிலே எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று. படிப்பவர்க்கென்றே வகுத்த மொழியிலே படிப்பவரை ஏமாற்றும் சொல் புகுந்தமை பெரும்பிழை. 1985-ஆம் ஆண்டு விதிநூல் அதனை வழக்கொழியத்தக்கதென்றது. 2002-ஆம் ஆண்டு விதிநூல் நீக்கிவிட்டது.

முற்றுப்புள்ளியின் கதையும் அத்தகையதே. இவ்வாறாயின் இன்னின்ன செய்க என்னும் கட்டளை, ஆங்கில உரைநடையிற்போல, முற்றுப்புள்ளியோடு முடியும் என்று வைத்தனர். புள்ளியோ கண்ணுக்குச் சிறிது. ஒன்று இடந்தவறின், சிலர்க்கு மட்டும் கொடுக்கவேண்டிய படித்தொகை எல்லார்க்கும் போய்ச்சேரும். இதற்கென முடிவு காட்டும் தனிச்சொல் 1985-இலேதான் வந்தது.

இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. ஒரு பணியாளரின் ஊர் மதுரைக்கோ நெல்லைக்கோ சமமன்று என்று ஆங்கில வழக்கிற்கேற்பச் சுருக்கி எழுதினால், இரண்டு ஊரும் அல்லாதவர் என்றே நாம் கொள்வோம். பொறியோ, மதுரைக்குச் சமமன்று அல்லது நெல்லைக்குச் சமமன்று என்று பிரித்துக்கொள்ளும். மதுரையார் நெல்லையார் அல்லர். நெல்லையார் மதுரையார் அல்லர். ஆகவே அக்கூற்று எல்லார்க்கும் உண்மையாகிவிடும். மக்கள் மொழியின் உடையை அணிந்த பொறிமொழி, மக்கள் மொழியின் உள்ளத்தைப் பெறவில்லை. குறியீட்டை வேண்டியவர்கள் அஞ்சியது இதனையே. குறியீடு கண்டால் நாம் விழிப்போடு படிப்போம். பழகிய சொல் கண்டால் அயர்ந்து படிப்போம்.

இத்துணையும் ஒப்புக்கொண்டும், அம்மையார் பக்கமே யாம் நிற்கின்றோம். ஒரு நிரல் ஒரு முறை எழுதப்படும். பல்லாண்டு பலரால் படிக்கப்படும். கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது, ஓய்வூதியம் ஏன் குறைந்தது என்பனவற்றைப் பொறியாளர் சிலரே அறிவர் என்னும் நிலை, வேதத்தை ஒரு சாராரே படிக்கலாம் என்றிருந்த நிலையோடு ஒக்கும். திருமறையைக் குடிமக்கள் மொழியிற் பெயர்த்துத் தந்தோரின் உழைப்பினாலே கற்கப் பெற்ற நாம், அக்கதவைத் திறக்க முயன்றவரைக் குறைத்துப் பேசல் எங்ஙனம்? மொழிபெயர்ப்பிலே பிழை நேர்ந்ததென்பது மொழிபெயர்த்தல் தகாதென்பதற்குச் சான்றாகாது. குற்றங்களுட் பல ஆங்கிலச் சொல்லால் வந்தனவல்ல. ஆங்கில வாக்கியத்தின் நெகிழ்ச்சியையும் உடன் கொண்டமையால் வந்தன. சொல் மக்களுடையதாகவும் இலக்கணம் கண்டிப்புடையதாகவும் இருத்தல் கூடும். அம்மையார் கேட்டது முன்னையதே.

1966-ஆம் ஆண்டு இறுதியிலே, அறுபது வயதிலே, கடற்படையினின்றும் ஓய்வு பெற்றார். அன்று தமக்கு மிகத் துயரமான நாள் என்று வருந்தினர். ஆயின் 1967 ஆகஸ்டிலேயே ஆறு திங்களுக்கென்று மீண்டும் அழைக்கப்பெற்றார். ஒவ்வொரு குழுமமும் கோபோலிலே தன் விருப்பப்படி சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் வந்தமையால், பொதுமொழி பல கிளைமொழிகளாய்ப் பிளவுண்டிருந்தது. அதனை ஒருமைப்படுத்துவதே அவர்க்கு இட்ட பணி. அம்மையார் வாதத்தை நம்பினாரல்லர், சோதனையை நம்பினார். விதிநூலின் ஒவ்வொரு விதிக்கும் ஏற்ற சிறு நிரல்களை எழுதச் செய்து, எக்குழுமத்துத் தொகுப்பி எவ்விதியிலே தவறுகின்றதென்று கண்டறிய வழி வகுத்தார். பொதுவிதி நூல் 1968-இல் நிலைபெற்றது. ஆறு திங்கள் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டாய் நீண்டது.

அக்காலத்து அவர் ஊரூராய்ச் சென்று சொற்பொழிவாற்றினார். ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள கம்பித்துண்டுகளைக் கொணர்ந்து கேட்போர்க்கு வழங்குவார். நூறு கோடியிலொரு பங்கு நொடியிலே மின்னோட்டம் செல்லத்தக்க மிகுதியான தூரம் அது. கண்ணாற் காணாத காலத்தைக் கையிற் பிடித்துக் காட்டிய வித்தை இது. அவரது அறைச் சுவரிலே இடப்புறமாய்ச் சுழலும் கடிகாரம் ஒன்று தொங்கியது. இதுவே எப்போதும் உள்ள முறை என்று சொல்லி எதையும் மறுப்போர்க்கு அதனைக் காட்டுவார். ஏழு கடிகாரம் பிரித்த சிறுமி எங்கும் போய்விடவில்லை.

1985-இல் கடற்படையில் ரியர் அட்மிரல் என்னும் பதவியேற்றம் பெற்று, 1986 ஆகஸ்டு 14-ஆம் நாள் பாஸ்டன் துறையிலே கான்ஸ்டிடியூஷன் என்னும் பழைய மரக்கப்பலின் மேல்தளத்தில் விடைபெற்றார். வயது எழுபத்தொன்பது. அதன்பின்னும் டிஜிட்டல் எக்விப்மென்ட் குழுமத்திற்கு அறிவுரையாளராயிருந்தார். 1992 ஜனவரி முதல் நாள் ஆர்லிங்டனிலே உயிர்நீத்து, ஆங்குள்ள தேசியக் கல்லறைத் தோட்டத்திலே படைமரியாதையோடு அடக்கம் பெற்றார். 1996-இல் போர்க்கப்பல் ஒன்றிற்கு அவர் பெயரிட்டனர். 2016-இல் குடியரசுத்தலைவரின் விடுதலைப் பதக்கம் அவர்க்கு அளிக்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்துக் கல்லூரியொன்று 2017 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலிலே, கொள்ளைநோயால் வேலையிழந்தோர் லட்சக்கணக்கில் உதவித்தொகை வேண்டியபோது, நியூஜெர்சி மாநிலத்துப் பழைய கணிப்பொறிகள் சுமை தாங்காது திணறின. கோபோல் அறிந்தோர் யாரேனும் இருப்பின் தொண்டாற்ற முன்வருக என்று அம்மாநில ஆளுநர் வெளிப்படையாய் அழைப்பு விடுத்தார்.